மாயாண்டி அண்ணன் காது

ஈப்போவில், எங்கள் சிலிபினில் வண்டி பழுது பார்க்கிற கடைகள் எத்தனையோ இருக்கின்றன. முக்கால்வாசிக் கடையில் ஒரு சின்னப் பெட்டியை வண்டிக்குள் சொருகி, அது சொல்வதைப் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பார்கள். மாயாண்டி அண்ணனிடம் பெட்டி கிடையாது. போனெட்டைத் தூக்குவார், தலையை வலப்பக்கம் சாய்ப்பார், கண்ணை மூடுவார். பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் கையைக் காட்டி அடக்குவார். பிறகு "வாட்டர் பம்ப்புலா" என்பார், இல்லையென்றால் "மூணாவது சிலிண்டர்" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். கடைக்குப் பெயர்ப்பலகைகூட அவர் மாட்டியதில்லை. காம்பாரிலிருந்து வருகிறவர்கள்கூட "காதுக்காரர் கடை எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தக் காதை நம்பித்தான் அவர் கடை ஓடியது, இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனது.

என் பெயர் புனிதா. பூக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மாலை கட்டும்போது கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். சிலிபினில் நடக்கிற சங்கதி எதுவும் என் கடையைத் தாண்டித்தான் அடுத்த தெருவுக்குப் போகும்.

மாயாண்டி அண்ணனும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். பத்து காஜா என்கிற ஊருக்குப் போகிற ரோட்டில் ஆறாவது மைலில் இருந்தது அந்தத் தோட்டம். மைலை அப்போது கட்டை என்றுதான் சொல்வோம், அதனால் அது ஆறாங்கட்டைத் தோட்டம். அவர் எனக்கு மூத்தவர், பதினாலு வயது வித்தியாசம். நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் அவர் ரப்பர் ஆலையில் இஞ்சின் வீட்டில் வேலைக்கு இருந்தார். காலையில் வெட்டிய பால் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பெரிய இஞ்சினைக் கிளப்புவார்கள். எங்கள் லயத்து வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் நடுங்கும். என் அம்மா அடுப்பில் இருந்தபடியே, "மாயாண்டி கெளப்பிட்டான், உங்கப்பா வந்துருவாரு, தட்ட வை" என்பாள். எங்கள் வீட்டில் கடிகாரம் வாங்கியதே பின்னால்தான்.

அந்த இஞ்சின் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. காதோடு வாயை வைத்துக் கத்த வேண்டும். அதற்குள் நின்றுகொண்டு, பத்தொன்பது வயதில் அவர் ஒரு நாள் தோட்டத்துக் கணக்கு பார்க்கிற பெரிய கிராணியிடம் போய், "உள்ளுக்குள்ள ஒரு பேரிங் அழுவுது, வெள்ளிக்கெழம வர தாங்காது" என்றாராம். கிராணி சிரித்தாராம். வியாழக்கிழமை மத்தியானமே இஞ்சின் நின்றுபோனது. ஈரப்பால் கட்டியாகி, மூன்று நாளைக்குத் தோட்டமே நாறியது. அந்த நாற்றம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதிலிருந்துதான் அவருக்குக் காதுக்காரன் என்று பெயர். தோட்டத்தை விற்று, மரத்தை வெட்டி, எங்களை எல்லாம் ஆளுக்கொரு திசையாக அனுப்பிய பிறகு அவர் சிலிபினுக்கு வந்து ஒரு தகரக் கொட்டகை போட்டார். மற்றவர்கள் தோட்டத்திலிருந்து பாயும் பாத்திரமும் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு பால்வாளி நிறையக் கம்பியும் ஸ்குரூவும் கொண்டுவந்தார்.

என் வேன் 91ஆம் வருடத்துது. என் வீட்டுக்காரர் பழனியப்பன் வாங்கியது. அவர் போய் எட்டு வருடம் ஆகிறது, வேன் போகவில்லை. தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோவிலுக்கு இந்தத் தெருவில் பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போனது இந்த வேன்தான். பின்சீட்டில் எத்தனை கல்யாண மாலை உட்கார்ந்து போயிருக்கிறது தெரியுமா? மகள் ஷர்மினி கோலாலம்பூரிலிருந்து போன் போடும்போதெல்லாம், "அத வித்துருங்கம்மா" என்பாள். உன் அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பாடியதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் செவ்வந்தி எடுக்க மலை மேலே இருக்கிற கம்போங் ராஜாவுக்குப் போவேன். சிம்பாங் பூலாயில் மலை ரோட்டைப் பிடித்தால் விடிகிற நேரத்துக்குப் பூத்தோட்டத்தில் நிற்கலாம். பூவைப் பார்த்து எடுத்து, நனைத்த பேப்பரில் சுற்றி, பெட்டி பெட்டியாக ஏற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அந்தக் குளிரில் இஞ்சின் ஜில்லிட்டுவிடும். போன கார்த்திகையில்தான் ஆரம்பித்தது. திரும்பக் கிளப்பினால் ஒரு சத்தம். ஊ என்று தொடங்கி, மிதிக்க மிதிக்க ஈ என்று மேலே ஏறும். மெல்லிசாக, கொசு காதுக்குள் புகுந்தது போல, விடவே விடாது. கால் மணி நேரம் அழுதுவிட்டு நிற்கும். மலையை விட்டு இறங்கும்போது ஒன்றுமே நடக்காதது மாதிரி வரும் அந்தச் சனியன்.

மூன்று தடவை மாயாண்டி அண்ணன் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஈப்போ வெயிலில் அது ஏன் அழப்போகிறது? தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இஞ்சின் தங்கமா இருக்கு புனிதா. நீ தூக்கத்துல ஓட்டுற, கனவுல கேக்குது" என்றார்.

"தூக்கத்துல ஓட்டுனா இந்நேரம் உங்க முன்னால நிக்கமாட்டேண்ணே, பூ போட்டு படத்துல தொங்கிக்கிட்டிருப்பேன்" என்றேன். சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அந்த மலை வளைவில் ஏதாவது ஒன்று அறுந்துபோனால் என்னையும் செவ்வந்தியையும் ஒன்றாகத்தான் பொறுக்க வேண்டும்.

பிறகு மூன்று நாள் விடாத மழை வந்தது. ஈப்போவே குளிர்ந்துபோய்க் கிடந்தது. நாலாம் நாள் காலையில் வாசலில் வேனைக் கிளப்பினால், அழுகிறது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழ அழ அப்படியே அவர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். "அண்ணே, வாங்க, ஓடி வாங்க, கத்துது!" என்று கூப்பாடு போட்டேன்.

வந்தார். போனெட்டைத் தூக்கினார். தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. அது பாட்டுக்கு ஈ என்று அழுதுகொண்டிருக்கிறது.

"ஒண்ணுமில்லலா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஸ்கந்தராஜா ஐயா உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அதிர்ந்து பேசாதவர். அவரே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "எனக்கும் என்னவோ கேக்குது போலத்தான் கிடக்கு, மாயாண்டி" என்றார்.

"அது தகரத்துல மழ விழுற சத்தம்யா" என்றார் மாயாண்டி அண்ணன்.

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் இருக்கிறதே. "என்னண்ணே, காது செவிடாப் போச்சா உங்களுக்கு? ஐயாவுக்கு எழுபத்தஞ்சு வயசு, அவருக்கே கேக்குது!" என்றேன். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

அண்ணன் கையைப் பழந்துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "வெள்ளிக்கெழம நானும் மேல வாரேன்" என்றார். "குளிர்ல வச்சு கேட்டுருவோம். சத்தம் இருந்தா நான் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிக்கலேன்னா இந்தக் கடைய மூடிட்டு வீட்டுல உக்காந்துக்கிறேன். எல்லாரும் கேட்டுக்குங்க." ஸ்கந்தராஜா ஐயா ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை இருட்டு விலகுமுன் அவர் வீட்டு முன்னால் வேனில் ஏறிக்கொண்டார். அவர் மனைவி இருளாயி அக்கா வாசலில் நின்று, "ஸ்வெட்டர் பையில இருக்கு! பையில!" என்று தெருவே எழுந்திருக்கிற மாதிரி கத்தினாள். "வயசானா பொம்பளைங்களுக்கு சத்தம் கொறஞ்சுரும் போல. முன்னல்லாம் இவ கத்துனா ஆறாங்கட்டையே அதிரும்" என்றார் அண்ணன். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

வழியெல்லாம் அவர்தான் பேசினார். ஆலையில் ஷீட் உருட்டுகிற மெஷினைப் பற்றி, தீபாவளிக்கு முதல் நாள் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டியதைப் பற்றி, அந்தப் படக்காரனின் ஜெனரேட்டர் நின்றுபோய், ஆலை இஞ்சினிலிருந்து இவர் கரண்ட் இழுத்துக் கொடுத்ததைப் பற்றி. "ஊரே கைதட்டுச்சு புனிதா, படத்துக்கில்ல, எனக்கு" என்றார். எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருந்தது. அப்பா தோளில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். அதைச் சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் வேறெதையோ ஆரம்பித்தார். இரண்டு மூன்று தடவை இப்படியே நடந்தது. நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. இன்னும் கோபம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாயை மூடினேன்.

பூத்தோட்டத்தில் வேனை நிறுத்திவிட்டு, இஞ்சின் குளிரட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மூச்சு விட்டால் புகை வந்தது. நான் பூவை ஏற்றி முடித்ததும் அண்ணன் போனெட்டைத் தூக்கிவைத்துத் தயாராக நின்றார். சாவியைத் திருப்பினேன்.

ஐயோ, அன்றைக்கு அழுத அழுகை! அதுவரைக்கும் அப்படி அழுததே இல்லை. இறங்கி ஓடி அவர் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு திறந்து, இஞ்சினைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா, கேக்குது" என்றார். "பெல்ட்டு. காஞ்சுபோன பெல்ட்டு குளிர்ல வழுக்குனா இப்படித்தான். இப்ப பாரு." போத்தலிலிருந்து தண்ணீரை எடுத்து ஓடுகிற பெல்ட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தார். தலையைச் சாய்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "போச்சு! பாத்தியா, போச்சு!"

போகவில்லை. அது முன்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தது.

ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டுவதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அந்த முகத்தில் பொய் இல்லை. படம் ஓட ஆரம்பித்த ராத்திரியில் இருந்திருக்குமே, அந்த மாதிரி நிஜமான சந்தோஷம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்தாறு பேர் முன்னால் நான் கேட்ட கேள்வி, அந்தக் கண்றாவிக் கேள்வி, உண்மையாகப் போய்விட்டது. என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது.

"அண்ணே" என்றேன், அவர் முகத்துக்கு நேராக நின்று. "போகலண்ணே. இன்னும் கத்துது."

"வெளையாடாத."

"சத்தியமா கத்துதுண்ணே."

பூப்பெட்டி தூக்கிக்கொண்டிருந்த நேப்பாளத் தொழிலாளி ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். வேனைப் பார்த்து முகத்தைச் சுளித்து, ஒரு விரலைக் காதில் விட்டுக்கொண்டு சிரித்தார். அண்ணன் அதைப் பார்த்தார். அந்த ஆள் போகிற வரைக்கும் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நான் போய் வேனை அணைத்தேன்.

"எனக்கு இஞ்சின் கேக்குது புனிதா" என்றார். "டப டபன்னு நல்லாவே கேக்குது. நீ பேசுறதும் கேக்குது, மூஞ்சியப் பாத்தா முழுசா கேக்குது. நீங்க சொல்ற அந்தச் சத்தம் மட்டும் எங்க இருக்குன்னே தெரியல. கேக்குதுன்னு உன் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன், தண்ணி பட்டதும் போயிருச்சுன்னு நம்பிட்டேன்."

"எத்தன நாளாண்ணே?"

"தெரியல. கேக்காதது எனக்கு எப்படித் தெரியும்?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் என் கையைப் பிடித்தார். "யார்கிட்டயும் சொல்லிராத. உன் கடையில வாய்விட்டு எதையும் சொல்லிராத தாயி. எனக்கு இந்தக் காது ஒண்ணுதான் இருக்கு. அதுவும் இல்லேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வருவான்?"

"பழனியப்பன் மேல சத்தியம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய சத்தியம் அதுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினேன். "சரி, எழுந்திரிங்க. சும்மா உக்காந்து என்ன பண்றது? காதுதான வேணும்? எனக்கு ரெண்டு இருக்கு. நான் கேக்குறேன். என்ன கேக்கணும்னு நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எழுந்த பிறகு வேறு ஆளாகிவிட்டார். வேனை மறுபடி கிளப்பச் சொன்னார். "மிதிச்சா கூடுதா?" கூடியது. "கிளட்ச்ச மிதி, மாறுதா?" மாறவில்லை. "ஸ்டீயரிங்க கடைசி வரைக்கும் ஒடி." ஒடித்தேன். அம்மாடி, காது கிழிந்தது. அதைச் சொன்னதும் தலையை ஆட்டினார். நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, நுனியை ஆல்டர்னேட்டரில் வைத்து, கைப்பிடியில் என் காதை வைக்கச் சொன்னார். மாவு மில் மாதிரி கரகரவென்றது, வேறொன்றும் இல்லை. நுனியை பவர் ஸ்டீயரிங் பம்ப்புக்கு மாற்றினார். ஊசியால் குத்தியது போலத் துள்ளிவிட்டேன்.

"அதான்" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து காட்டினார். எண்ணெய் முழுக்க நுரை, தே தாரிக் டீயை ஆற்றி ஊற்றிய மாதிரி. "எண்ணெயோட காத்தையும் சேத்துக் குடிக்குது. காத்து உள்ள போனா பம்ப்பு அழும். எங்க இழுக்குதுன்னு பாக்கணும்."

கிண்ணத்திலிருந்து பம்ப்புக்குப் போகிற ரப்பர்க் குழாயை விரலால் அழுத்தினார். கல்லு மாதிரி இருந்தது. அது பம்ப்பில் மாட்டுகிற இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். குழாயைச் சுற்றி ஒரு கம்பி. கடையில் வாங்குகிற கிளிப் இல்லை. இரண்டு சுற்றுச் சுருள் வைத்த கம்பி. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வடிகிற கோப்பையை நாங்கள் மங்கு என்போம். அந்த மங்கை மரத்தோடு பிடித்து வைக்கிற கம்பி அது. தோட்டத்து ஆட்கள் அதை வைத்துக் கட்டாத பொருள் கிடையாது. கொடிக்கயிறு, கோழிக்கூடு, சைக்கிள் மட்கார்டு, எல்லாவற்றுக்கும் மங்குக் கம்பிதான்.

"என் வேலதான் புனிதா" என்றார். "பழனியப்பன் இருக்கும்போது போட்டது. கிளிப் ஒடஞ்சு வந்தான். என்கிட்ட கிளிப் இல்ல, வாளியில இது கெடந்துச்சு. மரம் பெருக்கப் பெருக்க விரிஞ்சு குடுக்கும், நல்ல கம்பின்னு நெனச்சேன். அது விரியத்தான் செய்யும், இறுக்காது. குழாய் புதுசா இருந்தப்ப தெரியல. இப்ப கெட்டியாயிருச்சு. வெயில்ல கொஞ்சம் பெருத்து அடச்சுக்குது. குளிர்ல சுருங்குனா வாய் தொறந்துக்குது. கித்தா ரப்பரு எப்படி சுருங்கும்னு எனக்குத் தெரியாதா? அதுலயே பொறந்தவன்தான நான்."

அந்த வாயைச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டார். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சத்தம் இருமியது, தேய்ந்தது, பிறகு இல்லை. "இப்ப?" என்றார். "போச்சு" என்றேன். பத்து எண்ணுவதற்குள் திரும்ப வந்தது. வந்ததையும் சொன்னேன். அவருக்கு வேறென்ன வேண்டும்? கெட்டியான நுனியை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, பூத்தோட்டத்து முதலாளி தவுக்கேயிடம் தண்ணீர்க் குழாய்க்கு வைத்திருந்த நல்ல கிளிப்பாக ஒன்று வாங்கி இறுக்கினார். புதுக் குழாய் ஈப்போவில் போட்டுக்கொள்ளலாம் என்றார். எண்ணெய் ஊற்றி, ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபது தடவை ஒடிக்கச் சொன்னார். நுரை அடங்கியது.

"போச்சா?"

"போச்சுண்ணே."

"என் மனசுக்காகச் சொல்லாத."

"இல்லண்ணே. நெசமாவே போச்சு."

அவர் கண்ணை இடுக்கி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனெட்டை இறக்கினார்.

கீழே இறங்கும்போது எனக்கு ஒரே உற்சாகம். கண்டுபிடித்தது அவர்தானே? அதில் பொய் என்ன இருக்கிறது? "சிலிபின்ல போய் ஊரக் கூட்டிச் சொல்றேன் பாருங்க. காதுக்காரர் மலைக்கு வந்தாரு, அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சாருன்னு சொல்றேன். அன்னிக்குச் சிரிச்சானே, அவன் மொகத்துக்கு நேராவே சொல்றேன்" என்றேன். அவரும் லேசாகச் சிரித்தார். கடை பிழைத்தது, பெயர் பிழைத்தது என்றுதான் நான் நினைத்தேன்.

பாதி மலையில், இஞ்சின் சூடான பிறகு எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும் என்று நிறுத்தச் சொன்னார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பெருங்காடு. இஞ்சினை அணைத்ததும் காட்டிலிருந்து சில்வண்டுச் சத்தம் வந்து அறைந்தது. ஒன்றா இரண்டா, காடு முழுக்க ஒரே நேரத்தில் கத்துகிறது. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

அண்ணன் எண்ணெயைப் பார்த்துத் திருப்தியாக மூடினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மரங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னா அமைதி பாரு" என்றார். "ஆறாங்கட்டையில அப்பல்லாம் இந்நேரத்துக்கு சில்வண்டு சத்தத்துல மனுசன் பேச முடியாது. ஞாபகம் இருக்கா? இது பெரிய மலைக்காடு, இதுலயே ஒண்ணுகூட இல்ல பாத்தியா. எல்லாத்தையும் அழிச்சுட்டானுங்க. மரத்தோட அதுங்களும் போச்சு. வருசா வருசம், மிச்சமிருக்கிற கோயில் திருவிழாவுக்கு ஆறாங்கட்டைக்குப் போறப்பல்லாம் நான் இதத்தான் இருளாயிகிட்ட சொல்லுவேன். சில்வண்டுகூட இல்லாமப் போச்சே நம்ம தோட்டத்துலன்னு. எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்."

எனக்குப் பேச வராத நாள் அது ஒன்றுதான். ஆனால் என் முகம் அவருக்குப் பேசிவிட்டது. காலையிலிருந்து அவர் அதைத்தானே படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார்.

"கத்துதுண்ணே."

"எங்க?"

"சுத்தியும்."

அவர் மெதுவாகத் திரும்பி ஒரு பக்கம் பார்த்தார், அப்புறம் இன்னொரு பக்கம் பார்த்தார். சாலையோரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் சொல்றப்பல்லாம் இருளாயி ஆமான்னு சொல்லுவா" என்றார். "ஆமாங்க, ஒண்ணுகூட இல்லன்னு சொல்லுவா. ஆறேழு வருசமாச் சொல்றா." என் பக்கம் திரும்பினார். "அவளுக்குத் தெரிஞ்சிருக்குல்ல?"

தெரிந்துதான் இருக்கும். விடியற்காலையில் தெருவே எழும்பக் கத்தியவளுக்குத் தெரியாமலா? அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதேன். அவர் அழவில்லை.

"அழாத. சத்தியத்த நான் திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார். "கடையில நானே சொல்லிக்கிறேன், நீ முந்திக்காத. மொதல்ல இருளாயிகிட்ட சொல்லணும், இனிமே ஆமான்னு சொல்லாதன்னு."

வண்டிகள் இரண்டு எங்களைத் தாண்டி இறங்கிப் போயின. பூ வாடுமே என்று ஒரு நினைப்பு வந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "அங்க ஆறாங்கட்டையிலயும் கத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கும்" என்றார். "நாந்தான் போச்சு போச்சுன்னு பொலம்பிக்கிட்டிருந்திருக்கேன்."

"ஆமாண்ணே."

"எப்ப நிக்குதுன்னு சொல்லு புனிதா. நின்னதும் போலாம்."

சரி என்றேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அது நிற்கவே இல்லை.